கை நுழையாத தொட்டி

மதிய வெளிச்சம் விழும் சமையலறையில், தான் வடிவமைத்த அடுப்பின் முன் பொறியாளர் குந்தியிருக்கிறார். சமைக்கிற சூட்டிலேயே பக்கத்துத் தொட்டியில் வெந்நீர் காயும் அடுப்பு அது. ஆறு மாதத்துக்கு முன் சோதனைக்காக இந்த வீட்டில் வைத்தது. தொட்டியின் குழாயைத் திறக்கிறார். பழுப்புத் தண்ணீரோடு எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு கரப்பான் காலும் கிண்ணத்தில் விழுகின்றன. "இதுலதான் பிள்ளைய குளிப்பாட்டினேன்," என்கிறாள் வீட்டுக்காரி, புறங்கையால் மூக்கைப் பொத்தியபடி. "உடம்பெல்லாம் சிரங்கு." "தொட்டியக் கழுவலையாம்மா?" "எப்படி சார் கழுவுறது? நீங்களே கைய விட்டுப் பாருங்க." பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தொட்டியின் வாயைச் சிறிதாக்கியவர் அவர்தான். சட்டைக்கையை மடித்துக்கொண்டு விரல்களை நுழைக்கிறார். விரல் முட்டிகளோடு கை நின்றுவிடுகிறது. நுனிவிரல்களில் மட்டும் ஏதோ வழவழவென்று ஒட்டுகிறது.