மூடி இல்லாத மோடம்

சுகந்தியின் கை நின்றுவிட்டது.

இடது கையில் மோடம். வலது கையில் ஸ்டிக்கர். ஒட்டவில்லை.

மோடம் வழக்கமான கனம் இல்லை.

கீழே வைத்துவிட்டு கன்வேயரிலிருந்து அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

மூன்று வருடமாக ஒரு நாளைக்கு அறுநூறு மோடம் அந்தக் கையில் ஏறி இறங்குகிறது. தராசு பொய் சொல்லலாம், அவள் கை சொல்லாது. ஒன்றைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காற்றுத் துளை வழியே பார்த்தாள். உள்ளே தகர மூடி இல்லை.

அந்த மூடி எதற்கென்று அவளுக்குத் தெரியும். பயிற்சி நாளன்று டெஸ்டிங் ரூம் ஆரோக்கியராஜ் அதைக் கழற்றிக் காட்டினார். தன் மார்பிலேயே வயர்களை ஒட்டிக்கொண்டு, இதயத் துடிப்பு காட்டும் திரைக்குப் பக்கத்தில் மூடியில்லாத மோடத்தை வைத்தார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு கிறுக்க ஆரம்பித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன். ஆனா இதைப் பாக்குற நர்ஸுக்கு அது எப்படித் தெரியும்?"

அதற்குத்தான் சோதனை. அதற்குத்தான் ஸ்டிக்கர். விதிப்படி செய்த பெட்டி என்று அது சாட்சி சொல்கிறது. கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. இது யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது. தனக்கு வருகிற இடையூறை எல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அர்த்தம் தெரிந்த அன்று வரிசையே சிரித்தது. "எங்க மாமியாதான்டி எழுதிக் குடுத்திருக்கும்" என்றாள் பேக்கிங் அமுதா.

இன்று சிரிப்பு வரவில்லை. அமுதாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் போகும் இடங்கள் எழுதியிருந்தன. எல்லாம் அரசு ஆஸ்பத்திரிகள். அதில் ஒன்று சுகந்தி பிறந்த ஆஸ்பத்திரி.

சூப்பர்வைசர் பரந்தாமன் ஓடி வந்தார். மணி மூன்று. நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும்.

"என்ன சுகந்தி, நிறுத்திட்ட?"

"மூடி இல்ல சார்."

அவர் திடுக்கிடவில்லை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஸ்டாக் இல்லம்மா. மூடி நாளன்னைக்குத்தான் வரும். சோதனைக்கு அனுப்புன பீஸ்ல மூடி இருந்துச்சு, பாஸ் ஆயிடுச்சு. இனிமே யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? நீ ஒட்டு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இவர்கள் கட்டைவிரல் அகல ஸ்டிக்கருக்குள் மறைக்கச் சொல்கிறார்கள். அதுவும் அவள் கையால். காது மடல் வரை கொதித்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வருது. உன் பேரை நான்தான் எழுதிக் குடுத்தேன். கெடுத்துக்காத."

மூன்று வருடக் காத்திருப்பு அது. கான்ட்ராக்ட்காரர்களின் நீலக் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கோட்டுப் போடுகிற நாள். வெள்ளைக் கோட்டில் பெயர் தைத்திருப்பார்கள். நீலத்தில் எண் மட்டும்தான்.

அந்த வெள்ளைக் கோட்டு அவளுக்கு வேண்டும். இல்லையென்று சொன்னால் பொய்.

"முடியாதுன்னா சொல்லு. வேற ஆளு ஒட்டட்டும்."

அவள் ஸ்டிக்கர் சுருளைப் பார்த்தாள். இருநூறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இது தீர்ந்தால் புதுச் சுருள் தலைமை ஆபீஸிலிருந்து வர மூன்று நாள் ஆகும். ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான், உரித்தால் கிழிந்துபோகும். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படிச் செய்த ஸ்டிக்கர்.

மூடி வர இரண்டு நாள். ஸ்டிக்கர் வர மூன்று நாள்.

"ஒட்டுறேன் சார்."

அவர் மூச்சு விட்டார். "அப்படி வா வழிக்கு" என்று சொல்லி, லாரிக்காரரைப் பார்க்க கேட்டுக்குப் போனார்.

அவள் மேசையைத் துணியால் துடைத்தாள். முதல் ஸ்டிக்கரை உரித்தாள். மேசைத் தகட்டின் இடது மூலையில் ஒட்டினாள். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள்.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

முதல் வரிசையை மெதுவாக ஒட்டி முடித்தாள். மூன்றாவது வரிசையில் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிசகாமல் உட்கார்ந்தன.

அமுதா பார்த்தாள்.

சுகந்தியின் மேசை நிரம்பியபோது, அமுதா தன் மேசையிலிருந்த அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.

பரந்தாமன் திரும்பி வந்தார். சுருளில் வெறும் அட்டை உருளை மட்டும் மிச்சம். ஒரு ஸ்டிக்கரின் முனையை நகத்தால் நெம்பினார். கிழிந்தது. இன்னொன்றை மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். அதுவும் கிழிந்தது.

அவர் நிமிர்ந்தபோது அவள் நீலக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். மடித்தாள். ஸ்டூல் மேல் வைத்தாள்.

"ஒண்ணுலகூட சுருக்கம் இல்ல சார். பாத்துக்குங்க."