பிள்ளைக்காசு

நிரோஜினி கைபேசியை மேசையின் நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"பேசுங்கள் மதாம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்றாள் பிரெஞ்சில், எதிரே இருந்த பிரெஞ்சு அரசு அலுவலக அதிகாரியிடம்.

பிறகு குனிந்து, கைபேசியின் மறுமுனையில் இருந்த சுவிஸ் அதிகாரியிடம் ஜெர்மனில்: "பேசுங்கள் ஐயா. மதாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்."



"இந்தக் கந்தோரின் மொழி பிரெஞ்சு," என்றார் மதாம், கூரையைப் பார்த்து.

"இங்கே ஜெர்மன்," என்றது கைபேசி. அவள் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்குமுன்பே.

"நான் நடுவில் நின்று சொல்கிறேன்," என்றாள் நிரோஜினி. இரண்டு மொழியிலும்.

வீடு பிரான்சில். வேலை சுவிஸில், பாசல் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில். டிராமில் பதினெட்டு நிமிடம். எல்லையில் அவளை யாரும் நிறுத்துவதில்லை.

பிள்ளை வளர்க்க அரசு தரும் பிள்ளைக்காசைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் வேலை செய்வது சுவிஸில், அங்கே தரமாட்டார்கள் என்று கடிதம் வாங்கி வாருங்கள் என்றது பிரெஞ்சுக் கந்தோர்.

நீங்கள் வசிப்பது பிரான்சில், அங்கே தரமாட்டார்கள் என்று கடிதம் வாங்கி வாருங்கள் என்றது சுவிஸ் கந்தோர்.

அந்தக் கடிதம் வந்தால்தான் இந்தக் கடிதம். இந்தக் கடிதம் வந்தால்தான் அந்தக் கடிதம்.

விண்ணப்பித்தபோது ஆதிரன் பிறந்து ஒன்பது நாள். இப்போது பதினொரு மாதம். நாலு பல் வந்துவிட்டது. கடிதம் வரவில்லை.

இன்று மாலையோடு விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் குணேந்திரன், மடியில் பிள்ளையோடு. பேக்கரியில் விடியற்காலை வேலை, பகல் முழுக்கப் பிள்ளை. பிள்ளைக்காசு வந்தால்தான் காப்பகம், காப்பகம் கிடைத்தால்தான் அவனுக்குத் தூக்கம். பதினொரு மாதமாக உட்கார்ந்த இடத்தில்தான் கண்ணயர்கிறான். இப்போதும் தலை ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

மதாம் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"மூன்று முறை எழுதிவிட்டேன். அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்று கேளுங்கள்."

நிரோஜினி கைபேசியின் பக்கம் திரும்பினாள். சலவை இயந்திரங்களின் இரைச்சலில் கற்ற ஜெர்மன் அவளுடையது. நல்ல சொற்கள் கொஞ்சம்தான் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்தாள்.

"தன் கடிதங்கள் தபாலில் தவறியிருக்குமோ என்று மதாம் கவலைப்படுகிறார்."

மறுமுனையில் ஒரு செருமல்.

"எப்போது அழைத்தாலும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள்," என்றது கைபேசி.

நிரோஜினி மதாமின் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு செய்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறார்."

பேனா நின்றது. மதாம் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

குணேந்திரன் கண்ணைத் திறந்தான். "என்னவாம்?"

"நல்ல மனுசராம். நீங்கள் பேசாமல் படுங்கோ."

"அவர்களுடைய படிவத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது," என்றார் மதாம். குரல் முன்போல் இல்லை.

"உங்கள் படிவம் மிகவும் விரிவாக இருக்கிறதாம்."

"அவருடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது," என்றது கைபேசி. அதுவும் முன்போல் இல்லை. இன்னும் ஏதாவது கேட்க ஆசைப்படுகிற குரல்.

"உங்கள் கையெழுத்துக்குத் தனி அழகு இருக்கிறதாம், மதாம்."

மதாம் சன்னலைப் பார்த்துக் கன்னத்தை உள்ளுக்கிழுத்துக்கொண்டார்.

ஆதிரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கைபேசியைப் பார்த்து உரக்க ஒன்று சொன்னான். எந்த நாட்டு மொழியும் இல்லை.

"குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்றது கைபேசி.

"பதினொன்று."

"விண்ணப்பம் கொடுத்தபோது?"

"ஒன்பது நாள்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது.

"மதாமிடம் சொல்லுங்கள். அவர் கடிதத்தை அனுப்பினால், நானும் அனுப்புகிறேன்."

சொன்னாள்.

"முதலில் அவர்."

"முதலில் அவர்," என்றது கைபேசியும்.

நிரோஜினிக்கு அழுகை வரும்போலிருந்தது. அதை விழுங்கிவிட்டு இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "நான் எண்ணுகிறேன். மூன்று என்றதும் இரண்டு பேரும் அழுத்துங்கள்."

பிரெஞ்சில் ஒன்று. ஜெர்மனில் ஒன்று.

பிரெஞ்சில் இரண்டு. ஜெர்மனில் இரண்டு.

மூன்றைத் தமிழில் சொல்லிவிட்டாள்.

இரண்டு பக்கமும் அழுத்தினார்கள்.

மதாமின் கணினி மணி அடித்தது. மறுமுனையிலும் ஒரு மணி. அந்தச் சத்தத்துக்குக் குணேந்திரன் திடுக்கிட்டுப் பிள்ளையை இறுக்கிப் பிடித்தான்.

மதாம் கடிதத்தை அச்சடித்து எடுத்தார். ஒரு தரம் வாசித்தார். இழுப்பறையில் முத்திரையைத் தேடினார்.

நன்றி சொல்ல நிரோஜினி கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

அதற்குள் அந்த மனிதர் முந்திக்கொண்டார்.

"மிக்க நன்றி, மதாம். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அருமையானவர்."

பிரெஞ்சில். ஒரு பிழையும் இல்லாத, நிதானமான பிரெஞ்சில்.

குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

மதாம் நிமிரவில்லை. முத்திரையை மையில் ஒற்றி, ஊதி, காகிதத்தில் வைத்து அழுத்தினார்.

"ஆமாம் ஐயா," என்றார். "சில இடங்களில் மூலத்தைவிட நன்றாக இருந்தது."

பாசல் தெருக்களில் பேசுகிற அதே ஜெர்மன்.

நிரோஜினிக்கு இரண்டு காதும் சுட்டன.