கட்டில் சூடு

மணிக்கூண்டுக்குப் பின்னால், ஏழெட்டு மொழிகள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் கட்டடம். அங்கே அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். அண்ணன் இரவெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டுப் பகலில் தூங்குவான். தம்பிக்குத் துணிக்கடையில் பகல் வேலை. வாசலில் செருப்பு கிடந்தால் ஒருவன் தூங்குகிறான் என்று அர்த்தம். மற்றவன் கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவான்.

மணிக்கூண்டு முனையில் லாரி மோதி அண்ணன் செத்தான். அதற்குப் பிறகும் மாலையில் தம்பி வந்து படுக்கும்போது மெத்தை சூடாகவே இருந்தது. தலையணையில் மாவு வாசம்.

"இப்பதான் உங்க அண்ணன் இறங்கிப் போனாரு. ஒரு வார்த்தை பேசக் காணோம், ரொம்பத்தான் கிராக்கி!" என்றாள் எதிர் அறைக்குப் புதிதாக வந்தவள்.

ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று தம்பி லீவு போட்டான். காலையில் கட்டிலிலேயே காத்திருந்தான். பழகிய காலடி படியேறி வந்து வாசலில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

வெளியே கிடந்த தன் செருப்பு அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"அண்ணே! நான் தூங்கலண்ணே!"

கத்திக்கொண்டே கீழே ஓடினான். மணிக்கூண்டைச் சுற்றி எள் விழ இடமில்லாத கூட்டம்.

இப்போதெல்லாம் தம்பி செருப்பே போடுவதில்லை. மாலையில் வந்ததும் மெத்தையில் கையை வைத்துப் பார்க்கிறான். சில்லென்று இருக்கிறது.