ஐந்தாவது படி

“என் கவனக்குறைவுதாண்ணே. துணிக்கூடையோட இறங்கினேன், கால் வழுக்கிடுச்சு” என்றாள் அவள். இடது கையில் மாவுக்கட்டு. நெற்றியில் ஏழு தையல்.

தச்சர் மாடியிலிருந்து பின்வாசலுக்கு இறங்கும் மரப்படிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உளியால் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்கு படிகளில் முனை இறங்கவே இல்லை. உடைந்து தொங்கிய ஐந்தாவதில் பிடி வரை இறங்கியது.

“இந்தப் படியெல்லாம் யாரும்மா செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரர்தான், மூணு வருஷம் முன்னாடி. மரப்பட்டையைக் காய்ச்சின சாறுல பலகையெல்லாம் ஒரு வாரம் ஊறப்போட்டு, மேல ஆளிவிதை எண்ணெயைச் சூடா ஏத்தினார். மழையில ஊறி வீங்காது, கரையான் அண்டாதுன்னார்.”

தச்சர் மீதிப் படிகளையும் குத்திப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

“மத்த பதினொண்ணும் இரும்பாட்டம் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் அந்த மருந்து சொட்டுக்கூட படலை.”

“மறந்திருப்பார்.”

உடைந்த துண்டை அவளிடம் நீட்டினார். மேலே மட்டும் கறுப்பு. உள்ளே வெளுத்து உளுத்திருந்தது.

“மறந்தவர் நிறம் சேர்ற மாதிரி சாயம் பூசியிருக்க மாட்டார்.”

அவள் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இறங்கும்போது இதை மட்டும் தாண்டித்தான் போவார். சின்னப் பிள்ளையாட்டம்னு கேலி பண்ணுவேன்.”

“இப்ப எங்கே அவர்?”

“வெளியூர்ல வேலை. வெள்ளிக்கிழமை வருவார்.”

“அதுக்குள்ள அம்மா வீட்டுக்குப் போயிடுங்கம்மா. போலீஸ் கேட்டா நான் வந்து சொல்றேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மருந்து போடாத பலகை எத்தனை நாளைக்குத் தாங்கும்ணே?”

“இந்தக் கனத்துக்கு மூணு மழைக்காலம். மெல்லிசா இருந்தா ஒண்ணே போதும்.”

கட்டியவன் எத்தனை நாள் பொறுமையாகக் காத்திருந்தான் என்று கணக்குப் பார்க்கிறாள்போல. தச்சருக்கு மனசு கேட்கவில்லை.

“பயப்படாதீங்க. அஞ்சாவதுக்கு நல்லா மருந்துல ஊறின பலகையாப் போட்டுத் தர்றேன்.”

“போடுங்க. அப்படியே ஆறாவதையும் மாத்திடுங்க.”

“அது கல்லு மாதிரி இருக்கேம்மா?”

“அதனாலதான் அவர் நம்பிக் கால் வைப்பார். மெல்லிசாவே போடுங்கண்ணே, மருந்து வேணாம்.”