எடை ஏறாத குட்டிகள்

"எண்பத்தி மூணு," என்றாள் மனைவி, தராசு முள்ளைக் குனிந்து பார்த்து.

துள்ளிய குட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அவன் சுவரைப் பார்த்தான். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த அன்று சாக்பீஸால் எழுதியது அங்கே இருந்தது: நான் 74, குட்டி 7. பன்றிக்குட்டி தராசில் தனியாக நிற்காது. தூக்கிக்கொண்டு ஏறி, தன் எடையைக் கழித்துவிட வேண்டியதுதான்.

"ஒம்பது. மூணு வாரத்துல பதினாலு வந்திருக்கணும்." குட்டியை இறக்கிவிட்டு, நழுவிய கால்சட்டையைச் சாக்குக் கயிற்றால் இன்னொரு முறை முடிந்தான்.

கொட்டகை வாசலில் மனைவியின் அண்ணன் ஒரு விண்ணப்பத் தாளால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். மில்லில் ராத்திரி ஷிப்டு சூப்பர்வைசர். அந்த ஷிப்டை உதறிவிட்டுத்தான் அவன் பன்றி வளர்க்க வந்தான். இன்றும் எடை ஏறவில்லையென்றால் குட்டிகளை யாருக்காவது தள்ளிவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

"என்ன மாப்ள, என் மாமியார் வீட்டு விருந்துலகூட உன் தீனித் தொட்டியில மாதிரி இத்தனை தினுசு பார்த்ததில்ல. அப்படி என்னதான் போடறே?"

அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. முதல் வாரம் சோளத்தைக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டான். பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்கின. சல்லடையை மாற்றி மாவாக அரைத்தான். தும்மித் தும்மிப் பாதியை மிதித்தன. கடைசியில் சோயாவை வறுத்து, பால் பவுடர் கலந்து, ஆவியில் வேகவைத்து, குச்சி குச்சியாக அழுத்திக் கொடுத்தான். தொட்டியை நக்கித் துடைத்து வைத்தன. எடை மட்டும் ஏறவில்லை. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

"எனக்கென்னவோ வளந்த மாதிரிதான் தெரியுது," என்றாள் மனைவி. "காலையில வச்ச தட்டு அப்படியே கிடக்கு. சாப்டுட்டு வந்து எடை போடுங்களேன்."

"தினம் பார்த்தா அப்படித்தான் தெரியும். தராசு என்ன எனக்கு மச்சானா, பொய் சொல்ல?"

"மச்சான் எந்தக் காலத்துல பொய் சொன்னான்?" என்றார் வாசலில் நின்றவர். "பேனா இருக்கு மாப்ள. வேணுமா?"

அவன் இருப்பதிலேயே கொழுத்த குட்டியாகப் பார்த்துப் பிடித்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒற்றைக் கையால் தூக்கியதை இப்போது இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. தராசில் ஏறினான்.

மனைவி குனிந்து முள்ளைப் படிப்பதற்குள் குட்டி வீறிட்டு, அவன் நெஞ்சில் உதைத்து, கீழே குதித்து மூலைக்கு ஓடிவிட்டது.

"அதுக்கே உன்மேல நம்பிக்கை இல்ல மாப்ள," என்று சிரித்தார் மச்சான்.

போதும் என்று ஆகிவிட்டது அவனுக்கு. தராசில் நின்றபடியே கையை நீட்டினான். "குடுங்க அந்தத் தாளை."

மனைவி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. முள்ளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வெறுங்கையோடு நின்றவனைப் பார்த்தாள்.

"அறுபத்தொம்போது," என்றாள். "இளைச்சது நீங்கதாங்க."