குடிக்காத சியா விதை

காலை ஆறு மணிக்கு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ், மதியம் மூன்று மணிக்குத்தான் உடை மாற்றும் அறை ஸ்டூலில் உட்கார்கிறாள். ஜன்னல் வெயில் அவளுடைய வீங்கிய கால்களின் மேல் விழுந்து கிடக்கிறது. மலச்சிக்கலுக்கு நல்லது, நார்ச்சத்து அதிகம், ஊறவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று மூன்று நோயாளிகளிடம் சியா விதையின் அருமை பெருமையைச் சொல்லியாகிவிட்டது. விடியற்காலையில் மகள் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்த பாட்டிலை மட்டும் திறந்தபாடில்லை. கைப்பேசி அதிர்கிறது.

"அம்மா, சியா தண்ணி குடிச்சியா?"

"அப்பவே குடிச்சிட்டேன்டி."

"நெஜமா?"

"உன் மேல சத்தியமா. ஃபோனை வை."

வைத்த பிறகுதான் மகள் மேல் பொய்ச் சத்தியம் செய்தது உறைக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். தண்ணீரையெல்லாம் விதைகளே குடித்துவிட்டு, தவளை முட்டைபோல ஒரே கட்டியாக உட்கார்ந்திருக்கின்றன. கொட்டிவிடலாம்; கழுவும் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவளோ கேனிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அண்ணாந்து, வழவழவென்று இறங்குவதை மென்று விழுங்குகிறாள். வார்டில் மணி அடிக்கிறது. "இருங்க, வரேன்" என்கிறாள், வாய் நிறைய விதையோடு. பாதிச் சத்தியம் இன்னும் பாட்டிலில் இருக்கிறது.