கீரை கடைந்த கை

“மலைச் சுக்காங்கீரை வந்திட்டுதோ, தம்பி?”

ஜெலுத்தோங் பசாரில் காய்கறி விற்கும் பழனியப்பன் சிரித்தான். “உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்லா, அக்கா. மருமகளுக்குத்தானே?”

நல்லம்மாவின் முகமே சொல்லிவிட்டது. கேமரன் மலைப் புல்வெளியில் தானாக முளைத்து, அறுக்க அறுக்க வேரிலிருந்து மறுபடி தழைக்கிற கீரை அது. இலையைக் கிள்ளி வாயில் போட்டாலே பல் கூசும்.

புளிப்பென்றாலே முகம் சுளிக்கும் மருமகள் யோகலட்சுமி, ஒருநாள் இதில் ஒரு கட்டு வாங்கி வந்து, கடைந்து தரச் சொல்லிக் கேட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு புளிப்பு ஆசை! நல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மூன்று மாதம் முடியுமுன் கேட்டால் கண்ணூறு பட்டுவிடுமே. மூச்சு விடவில்லை.

பேரப்பிள்ளைக்கு இந்த மருமகளை விட்டால் வேறு வழியும் இல்லை. மகள் கனகேஸ்வரி ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு சுங்கை பினாங்குக்குப் போன அன்றே, இனித் தன் கையால் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் இல்லையென்று நல்லம்மா தலைமுழுகிவிட்டாள்.

பருப்பும் உள்ளியும் போட்டுக் கடைந்து அவள் நிரப்பிக் கொடுக்கும் தூக்குச் சட்டி, யோகலட்சுமியின் ஆபீசிலிருந்து வழித்துத் துடைத்தபடி திரும்பி வரும். அதைக் கழுவும்போதெல்லாம் நல்லம்மாவுக்கு வயிறு நிறைந்துவிடும்.

மூன்று மாதமும் முடிந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்த மருமகளின் நெற்றியில் நல்லம்மா கோயில் திருநீற்றைப் பூசினாள்.

“இனிச் சொல்லலாம், பிள்ளை. எத்தினை மாசம்?”

யோகலட்சுமி தூக்குச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். மாமி தப்பாக நினைத்திருப்பது தெரிந்தும், சொன்னால் கீரை நின்றுவிடுமே என்று பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

“எனக்கு ஒண்டுமில்லை, மாமி. கனகேஸ்வரிக்குத்தான், அஞ்சாம் மாசம். ஒண்டும் வயித்தில தங்காமக் கிடந்தவ, முதல் வாயிலயே ‘இது அம்மா கடைஞ்சது’ எண்டு அழுதிட்டா.”

நல்லம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, காலியான அடியைப் பார்த்தாள்.

“உப்புப் போதுமெண்டு சொன்னவளோ?”